குன்னூர் பழைய வீடு: ஜன்னல் மூலை விரிசல் திரும்பத் திரும்பத் திறக்கிறது, ஐப்பசி மழைக்கு முன் என்ன செய்யலாம்?

சீகைமரம் | செப்டம்பர் 21, இரவு 9.40

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குன்னூரில் தாத்தா கட்டிய வீடு. நிலைவாசலுக்கு மேலே 1954 என்று சுண்ணாம்பிலேயே எழுதியிருக்கும். கருங்கல் அஸ்திவாரம், அதன் மேல் மண் சாந்தில் வைத்த செங்கல், சுண்ணாம்புப் பூச்சு, தகரக் கூரை. சமையலறையும் குளியலறையும் 1988ல் அப்பா பின்னால் சேர்த்தது, அது முழுக்க சிமெண்ட், கான்கிரீட் தளம். சரிவான இடம் என்பதால் மேல்பக்கம் மண்ணை வெட்டி அந்த மண்ணையே கீழ்ப்பக்கம் கொட்டிச் சமன் செய்திருக்கிறார்கள். அதைத் தாங்க எட்டடி உயரத்தில் கல் தடுப்புச் சுவர். இப்போது அம்மா மட்டும் அங்கே இருக்கிறார். நான் கோவையில் வேலை பார்க்கிறேன், சனி ஞாயிறு மேலே போவேன்.

விரிசல் மூன்று வகை. ஹாலில் பூச்சு முழுக்கச் சிலந்திவலை மாதிரி மெல்லிய கோடுகள். பழைய வீடும் சமையலறையும் சேரும் இடத்தில் தரையிலிருந்து கூரை வரை நேராக ஒரு பிளவு. சின்ன வயதில் நானும் தம்பியும் அதில் சீட்டு எழுதி ஒளித்து வைப்போம், அவ்வளவு பழையது. மூன்றாவதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. பள்ளத்துப் பக்கப் படுக்கையறை ஜன்னலின் மேல் மூலையில் ஆரம்பித்து, படிக்கட்டு மாதிரி செங்கல் செங்கலாக ஏறி, வீட்டின் மூலையில் கூரைக்குக் கீழே போய் முடிகிறது. போன வருடம் நூல் மாதிரி இருந்தது. மார்ச்சில் பெயிண்டர் பட்டி வைத்து அடைத்தார். இப்போது அந்தப் பட்டியை ஒட்டியே திறந்துவிட்டது. ஜன்னல் சாத்த வரவில்லை, அம்மா நாடாவால் கட்டி வைத்திருக்கிறார்.

வீடு விழுந்துவிடுமா? யாரைக் கூப்பிடுவது, மேஸ்திரியையா இன்ஜினியரையா?

வெள்ளைப்பட்டி | செப்டம்பர் 21, இரவு 10.15

மலையில் விரிசல் இல்லாத வீடு ஒன்று காட்டுங்கள் பார்க்கலாம். எழுபது வருடம் நின்ற வீடு இன்னும் எழுபது வருடம் நிற்கும். நல்ல கம்பெனி விரிசல் பேஸ்ட் வாங்கி, வலை ஒட்டி, இரண்டு கோட் பட்டி பாருங்கள். முடிந்தது.

ஊட்டி உருளை | செப்டம்பர் 21, இரவு 10.32

மார்ச்சில் பட்டி பார்த்து செப்டம்பரில் திறந்தது என்றுதானே அவர்கள் எழுதியிருக்கிறார்கள், படித்துவிட்டுப் பதில் போடுங்கள் சார் 😀

எனக்கு ஒரு சந்தேகம். நிலநடுக்கமாக இருக்குமா? 1900ல் கோவையில் பெரிதாக ஒன்று வந்ததாக எங்கள் தாத்தா சொல்வார்.

சமவெளிச் சிவில் | செப்டம்பர் 22, காலை 6.50

1900 பிப்ரவரி நிலநடுக்கம் உண்மைதான், நீலகிரி இருப்பதும் நடுத்தர நிலநடுக்க ஆபத்துள்ள மூன்றாம் மண்டலம்தான். ஆனால் நிலநடுக்கம் ஒரே நாளில் வேலையை முடித்துவிட்டுப் போய்விடும். ஒரு வருடமாக மெல்ல மெல்லத் திறக்கும் விரிசலை அதன் கணக்கில் எழுத முடியாது.

சீகைமரம், மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். சிலந்திவலை பூச்சு சுருங்கியது, விட்டுவிடலாம். சமையலறை இணைப்பில் இருப்பது விரிசலே இல்லை, இரண்டு கட்டடங்களுக்கு இடையே உள்ள இடைவெளி. 1954ன் கருங்கல் கடைக்காலும் 1988ன் சிமெண்ட் கடைக்காலும் சேர்ந்தே இறங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. கோர்க்காமல் ஒட்டி வைத்த சுவர் பிரியத்தான் செய்யும். மழைத் தண்ணீர் உள்ளே போகாமல் மேலே ஒரு தகர மடிப்பு வைத்தால் போதும்.

மூன்றாவதற்கு நீங்கள் பயந்தது நியாயம். விரிசல் எந்தப் பக்கம் நோக்கி ஏறுகிறதோ அந்த மூலை இறங்குகிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். உங்களுடையது பள்ளத்துப் பக்க மூலையை நோக்கி ஏறுகிறது, அதாவது கொட்டிய மண் மேல் நிற்கும் மூலை. வெட்டிய பக்கம் கெட்டி மண், கொட்டிய பக்கம் பொதபொத. வீட்டின் ஒரு கால் பாறையிலும் ஒரு கால் மெத்தையிலும் நிற்கிறது.

அகலத்தை அளந்து சொல்லுங்கள். கருவி வேண்டாம், ஏடிஎம் கார்டு போதும். தடிமன் முக்கால் மில்லிமீட்டர். ஒன்று நுழைகிறதா, இரண்டு சேர்த்து நுழைகிறதா, மேலே எத்தனை, கீழே எத்தனை என்று பாருங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் எஸ்பி 25 கையேடு 1 மி.மீ.க்குள் மெல்லியது, 1 முதல் 2 நடுத்தரம், 2க்கு மேல் அகலம் என்று பிரிக்கிறது. பிரிட்டனில் வைத்திருக்கும் அளவுகோல் இன்னும் தாராளமானது. 5 மி.மீ. வரை லேசான சேதம், கதவு ஜன்னல் கொஞ்சம் பிடிக்கும். 15ஐத் தாண்டினால் கடுமை, 25ஐத் தாண்டினால் சுவர் நிற்குமா என்பதே கேள்வி. ஆனால் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இருபது வருடமாக அசையாத 6 மி.மீ.யைவிட ஆறு மாதத்தில் 2 மி.மீ. திறந்த விரிசல்தான் எனக்குப் பயம்.

சீகைமரம் | செப்டம்பர் 22, இரவு 8.05

அம்மாவிடம் போனிலேயே அளக்கச் சொன்னேன். ஜன்னல் மூலையில் ஒரு கார்டு இறுக்கமாக, மேலே கூரைக்குக் கீழே நான்கு கார்டு லூசாக. (ரேஷன் கார்டையும் விட்டுப் பார்த்தாராம்.) மேலே 3 மி.மீ.க்கு மேல் என்று நினைக்கிறேன்.

தூக்குக்குண்டு | செப்டம்பர் 22, இரவு 9.30

நான் கோத்தகிரிப் பக்கம் முப்பது வருடமாகக் கொத்தனார் வேலை, இப்போது மேஸ்திரி. மகன் போனில் டைப் செய்கிறான், நான் சொல்லச் சொல்ல.

சுவரை விட்டுவிட்டு வெளியே வாருங்கள் அக்கா. நாலு கேள்வி. ஒன்று, தகரக் கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, சுவர் ஓரத்திலேயா? இரண்டு, குளியலறைத் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது, குழாய் எப்போது போட்டது? மூன்று, தடுப்புச் சுவரில் தண்ணீர் வரும் ஓட்டை இருக்கிறதா, மழைக்கு அதில் தண்ணீர் வருகிறதா? நாலு, பக்கத்தில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்), சீகை (வாட்டில்) எதுவும் நிற்கிறதா?

மலை வீட்டில் விரிசல் என்று என்னைக் கூப்பிட்டால் பத்துக்கு ஏழு வீட்டில் நான் சுவரைத் தொடவே மாட்டேன். முதலில் தண்ணீருக்குத்தான் வழி தேடுவேன்.

புதுசாக்கட்டு | செப்டம்பர் 23, காலை 11.00

மண் சாந்து வீட்டுக்கு இவ்வளவு மெனக்கெடல் எதற்கு? இடித்துவிட்டு பில்லர் போட்டுக் கட்டுங்கள். ஒரு தடவை செலவு, நிம்மதி.

கொடை மேகம் | செப்டம்பர் 23, மதியம் 1.20

மேலே இருப்பவர் மலையில் வீட்டுக்கு அனுமதி கேட்டு அலைந்ததே இல்லை என்று தெரிகிறது. உயரத்துக்குக் கட்டுப்பாடு, பரப்புக்குக் கட்டுப்பாடு, சரிவுக்குக் கட்டுப்பாடு. இடித்த பிறகு அதே இடத்தில் கட்ட விடுவார்களா என்பதே முதல் கேள்வி. அனுமதியே கிடைத்தாலும் அதே கொட்டிய மண், அதே தண்ணீர். பில்லர் என்ன காற்றிலா நிற்கும்?

என் அனுபவம். கொடைக்கானலில் எங்கள் வீடும் சுண்ணாம்புக் கட்டு. சொந்தக்காரர் ஒருவர் பேச்சைக் கேட்டு வெளிச்சுவர் முழுக்க சிமெண்ட் பூசினோம், பார்க்க ஜோராக இருந்தது. இரண்டே மழையில் சுவர் உள்பக்கம் ஊறி உப்புப் பூத்து, மூன்றாம் வருடம் பூச்சு பாளம் பாளமாக வந்தது, பின்னால் செங்கல் கை வைத்தால் பொடி. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் வெளியே விடும். சிமெண்ட் அந்த வாயை அடைத்துவிடுகிறது. சுவர் ஒரு நூல் அசைந்தாலும் சுண்ணாம்பு கூடவே கொஞ்சம் வளைந்து கொடுக்கும், சிமெண்ட் வெடிக்கும். சிமெண்ட் பூசச் சொல்பவரை வாசலிலேயே நிறுத்துங்கள்.

வெள்ளைப்பட்டி | செப்டம்பர் 23, மதியம் 2.02

எபாக்ஸிப் பசையை விரிசலுக்குள் ஊசியாகப் போடலாமே? பாலத்துக்கே போடுகிறார்கள்.

சமவெளிச் சிவில் | செப்டம்பர் 23, மாலை 7.15

பாலம் கான்கிரீட் சார். மண் சாந்தில் எபாக்ஸியை ஏற்றினால் அந்த ஒரு கோடு மட்டும் இரும்பாகிவிடும், அடுத்த விரிசல் அரையடி தள்ளித் திறக்கும். மார்ச் பட்டிக்கு நடந்தது அதுதான், இது விலை அதிகம், அவ்வளவுதான் வித்தியாசம்.

சீகைமரம் | செப்டம்பர் 28, இரவு 7.50

சனிக்கிழமை போய் முழுக்கச் சுற்றிப் பார்த்தேன். மேஸ்திரி அண்ணா கேட்ட நாலுக்கும் பதில்.

கூரைத் தண்ணீர்: தாழ்வாரத்தின் பள்ளத்துப் பக்கத் தகரப் பீலி (கூரைத் தண்ணீரை வாங்கும் கால்வாய்) இரண்டு இடத்தில் துருப்பிடித்து ஓட்டை. தண்ணீர் நேராக அந்த மூலையில் விழுந்து மண்ணில் குழியே பறித்திருக்கிறது.

குளியலறை: 1988ல் போட்ட பீங்கான் குழாய். வீட்டின் மூலையைச் சுற்றி மண்ணுக்கடியில் போய்க் கீழே தொட்டியில் சேர வேண்டும்.

தடுப்புச் சுவர்: இதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. தாத்தா காலத்தில் சாந்து இல்லாமல் வெறும் கல் அடுக்கிய கட்டு, இடுக்கில் பெரணி முளைத்திருக்கும், மழைக்கு அங்கங்கே தண்ணீர் கசியும். தங்கைக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று 2006ல் அப்பா பெரணியை எல்லாம் பிடுங்கிவிட்டு இடுக்கு முழுக்க சிமெண்ட் வைத்து அடைத்து, மேலே வெள்ளையும் அடித்தார். ஓட்டை ஒன்றுகூட இல்லை. இப்போது அது நடுவில் லேசாக வயிறு தள்ளியிருக்கிறது.

மரம்: பத்தடி தள்ளி ஒரு சீகை. (அதனால்தான் இந்தப் பெயர்.)

தூக்குக்குண்டு | செப்டம்பர் 28, இரவு 9.10

அப்பாவைக் குறை சொல்லாதீர்கள், நானே அந்தக் காலத்தில் பத்துப் பன்னிரண்டு சுவரை இப்படி அடைத்துக் கொடுத்துக் கூலி வாங்கியிருக்கிறேன். பிறகுதான் புத்தி வந்தது. வெறுங்கல் கட்டு சல்லடை மாதிரி, தண்ணீர் தானாக இறங்கிப் போய்விடும். அடைத்துவிட்டால் பின்னால் இருக்கும் மண் ஊறி, சுவரைத் தள்ளும். மேலே மண் இளகி வீட்டு மூலை இறங்கும். இரண்டும் ஒரே வியாதி.

இப்படிச் செய்யுங்கள். குளியலறையில் பத்து வாளித் தண்ணீர் எண்ணி ஊற்றுங்கள். கீழே தொட்டி வாயில் ஒருவர் வாளியோடு நின்று எத்தனை வந்தது என்று எண்ணட்டும். பீலியை நாளைக்கே மாற்றுங்கள், அது காத்திருக்க வேண்டிய வேலை இல்லை. சுவர் வயிற்றுக்கு மேலிருந்து தூக்குக்குண்டு விட்டு எத்தனை அங்குலம் தள்ளியிருக்கிறது என்று குறித்து வையுங்கள்.

அப்புறம் கண்ணாடி, விரிசல் அசைந்தால் உடைந்து காட்டிக்கொடுக்கும். கண்ணாடிக் கடையில் வெட்டித் தள்ளிய துண்டு சும்மாவே கொடுப்பார்கள், விரல் அகலம், அரையடி நீளம். விரிசலின் குறுக்கே வைத்து இரண்டு முனையையும் செங்கல்லோடு சிமெண்டில் ஒட்டி, தேதி எழுதுங்கள். பூச்சு மேல் ஒட்டாதீர்கள், பூச்சைக் கொத்திவிட்டு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் பூச்சு மட்டும் அசைந்து பொய் சொல்லும். விரிசலின் இரண்டு நுனியிலும் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி.

சமவெளிச் சிவில் | செப்டம்பர் 28, இரவு 9.45

மேஸ்திரி சொன்னதில் மாற்றவே ஒன்றும் இல்லை. பீலிக்காக ஒரு கணக்கு மட்டும்: 800 சதுர அடிக் கூரை என்றால் 100 மி.மீ. மழைக்கு ஏழாயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர். ஆயிரம் லிட்டர் தொட்டி ஏழை ஒரே இரவில் அந்த மூலையில் கவிழ்ப்பது போல. குன்னூரில் வடகிழக்குப் பருவமழை சமயத்தில் 100 மி.மீ. பெரிய விஷயமே இல்லை.

வயிறு எவ்வளவு என்று அளந்ததும் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை நேரில் வரவழையுங்கள். போட்டோ பார்த்து நான் சொல்வது போதாது.

கேத்திப் பள்ளம் | செப்டம்பர் 29, காலை 5.30

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. இந்த இழையைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை.

2009 நவம்பர். மூன்று நாள் விடாத மழை. நீலகிரியில் மண்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்து போனார்கள், அதில் எங்களுக்குத் தெரிந்தவர்களும் உண்டு. எங்கள் வீட்டில் முதலில் சுவர் வெடிக்கவில்லை. முற்றத்து மண்ணில் அரைவட்டமாக ஒரு கோடு, குழந்தை குச்சியால் கிழித்த மாதிரி. சாயங்காலம் பார்த்தபோது விரல் போனது. ராத்திரி எட்டு மணிக்குக் கதவு திறக்கவில்லை, அப்பா கோடாரியால் உடைத்து எங்களை வெளியே இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். காலையில் முற்றத்தோடு சமையலறை கீழே தேயிலையில் கிடந்தது.

அதனால் அக்கா, கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். தரையில் புதிதாகக் கோடு, நேராக நின்ற மரமோ கம்பமோ சாய்வது, இதுவரை வராத இடத்தில் ஊற்று, எப்போதும் வரும் ஊற்று திடீரென்று நிற்பது, தெளிந்த தண்ணீர் கலங்கி வருவது, மழை சமயத்தில் கதவு ஜன்னல் சட்டென்று இறுகுவது. இதில் எதைப் பார்த்தாலும் அளக்க வேண்டாம், போட்டோ எடுக்க வேண்டாம், அம்மாவைக் கூட்டிக்கொண்டு வெளியே வாருங்கள். பிறகு 1077க்குப் போன் செய்யுங்கள், மாவட்டக் கட்டுப்பாட்டு அறை.

ஊட்டி உருளை | செப்டம்பர் 29, காலை 8.10

கேத்தி அண்ணா 🙏. இந்த இழையில் இனி நான் ஜோக் அடிக்கவில்லை.

சீகைமரம் | அக்டோபர் 5, இரவு 9.00

பத்து வாளி ஊற்றினோம். தம்பி தொட்டி வாயில் நின்று எண்ணினான். நாலரை வாளி வந்தது. மீதி ஐந்தரை எங்கே போனது என்று கேட்க வேண்டியதே இல்லை. தினமும் அம்மா குளித்த தண்ணீரில் பாதிக்கு மேல் வீட்டு மூலைக்குக் கீழே போயிருக்கிறது, எத்தனை வருடமாகவோ.

பீலி மாற்றியாகிவிட்டது. கண்ணாடி மூன்று இடத்தில் ஒட்டியாகிவிட்டது. தடுப்புச் சுவர் இரண்டரை அங்குலம் தள்ளியிருக்கிறது. குழாயைத் தோண்டப் பொக்லைன் கொண்டு வரட்டுமா என்று ஒரு ஒப்பந்ததாரர் கேட்டார்.

தூக்குக்குண்டு | அக்டோபர் 5, இரவு 9.25

வேண்டவே வேண்டாம். முதலில் இந்த மாவட்டத்தில் அதற்கு அனுமதி வாங்க வேண்டும். அனுமதி இருந்தாலும் வயிறு தள்ளிய சுவருக்கு மேல் அந்த எடையை ஏற்றக் கூடாது. கைக் கடப்பாரை, மண்வெட்டி. பள்ளத்தை ஒரே நீளமாகத் திறந்து போடாதீர்கள், நாலடி தோண்டி, குழாய் மாற்றி, மூடி மண்ணை இடித்துக் கெட்டியாக்கி, அடுத்த நாலடி.

சீகைமரம் | அக்டோபர் 23, இரவு 11.10

முந்தாநாள் இரவு மழை. காலையில் நடுக் கண்ணாடி குறுக்கே உடைந்திருந்தது. அம்மா போனில் ரொம்ப நிதானமாகச் சொன்னார், "ஒட்டினது உடைஞ்சிருக்கு கண்ணு, வேற வாங்கணுமா?" எனக்குக் கை நடுங்கியது. சித்தி வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டேன். கோழிகளை யார் பார்ப்பது என்று ஒரு மணி நேரம் சண்டை.

சமவெளிச் சிவில் | அக்டோபர் 23, இரவு 11.25

அம்மா சித்தி வீட்டிலேயே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை நானே மேலே வருகிறேன், கட்டணம் எல்லாம் வேண்டாம், மதியச் சாப்பாடு போதும்.

சீகைமரம் | நவம்பர் 9, இரவு 8.30

சுருக்கமாக. சிவில் சார் வந்து பார்த்தார். சுவர் இப்போதைக்கு நிற்கும், ஆனால் பின்னால் இருக்கும் தண்ணீரை முதலில் வெளியேற்ற வேண்டும் என்றார். மழை விட்ட நாலு நாளில் மேஸ்திரி அண்ணாவின் ஆட்கள் சுவரில் ஐந்தடிக்கு ஒன்றாக, அடிவரிசையிலிருந்து ஆரம்பித்து, உளியால் கையாலேயே துளை போட்டு, வெளியே சாய்வாக நாலு அங்குலக் குழாய் செருகினார்கள், உள்முனையில் ஜல்லி. மூன்றாவது துளையில் உளி உள்ளே போனதும் காபி நிறத் தண்ணீர் பீய்ச்சி அடித்து ஒருவரின் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. மூன்று நாள் நிற்காமல் வந்தது. நான்காம் நாள் தெளிந்து, பிறகு சொட்டு.

குழாயையும் மாற்றினோம். பீங்கான் குழாயின் இணைப்பு ஒன்றில் சீகை வேர் சடை மாதிரி அடைத்திருந்தது. வெட்டி எடுத்து அம்மாவிடம் காட்டினேன், சவுரிமுடி மாதிரி இருக்கிறது என்றார்.

தூக்குக்குண்டு | நவம்பர் 9, இரவு 9.00

மரத்தை இப்போது வெட்ட வேண்டாம் அக்கா. வேர்தான் அந்தச் சரிவு மண்ணைப் பிடித்திருக்கிறது. குழாய் ஒழுகாமல் இருந்தால் வேர் அந்தப் பக்கம் வராது. விரிசலையும் தொடாதீர்கள், மண் காய்ந்து உட்காரட்டும். பங்குனிக்குப் பார்க்கலாம்.

வெள்ளைப்பட்டி | நவம்பர் 10, காலை 9.40

சரி, ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டிலும் நேற்று பத்து வாளி ஊற்றினேன். ஒன்பது வந்தது. ஒரு வாளி எண்ணிக்கைத் தவறா, ஒழுகலா என்று மனைவியோடு வாக்குவாதம் நடக்கிறது.

சீகைமரம் | ஏப்ரல் 12, மாலை 6.20

ஐந்து மாதம் கழித்து வருகிறேன். அக்டோபர் இறுதியில் புதிதாக ஒட்டிய கண்ணாடி மூன்றும் முழுசாக இருக்கின்றன. பென்சில் கோட்டை விரிசல் தாண்டவில்லை. அம்மா பொங்கலுக்கே வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

போன வாரம் சுவர் வேலை. உறைபனிக் காலத்தில் சுண்ணாம்பு இறுகாது என்று மேஸ்திரி அண்ணா இவ்வளவு நாள் தள்ளிப்போட்டார். உடைந்த செங்கற்களை மட்டும் ஒவ்வொன்றாக உருவி, பழைய செங்கல்லையே சுண்ணாம்புச் சாந்தில் இரண்டு பக்கமும் பல் கோர்த்த மாதிரி வைத்தார்கள். நாலு வரிசைக்கு ஒரு இடத்தில், சிவில் சார் சொன்னபடி, துருப்பிடிக்காத ஆறு மி.மீ. கம்பி, விரிசலின் இரு பக்கமும் ஒன்றரை அடி உள்ளே போகும்படி. சுண்ணாம்பில் சேர்க்கக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் வாசம் வீடு முழுக்க, எறும்பும் வந்தது. மொத்தச் செலவு, பீலியிலிருந்து சுவர் வரை, எழுபத்தெட்டாயிரம்.

தடுப்புச் சுவரின் வயிறு அதே இரண்டரை அங்குலம். அதைப் பிரித்துக் கட்டுவதா, இப்படியே விடுவதா என்பதில் சிவில் சாருக்கும் மேஸ்திரிக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. மாதா மாதம் தூக்குக்குண்டு விட்டு ரேஷன் கார்டு உறையில் அம்மா குறித்து வைக்கிறார்.

தூக்குக்குண்டு | ஏப்ரல் 12, இரவு 8.00

நான் பிரிக்க வேண்டாம் என்கிறேன், அவர் பிரிக்கச் சொல்கிறார். ஒரு தென்மேற்கு, ஒரு வடகிழக்கு, இரண்டு மழை பார்த்துவிட்டுப் பேசலாம். ஜன்னல் சாத்துகிறதா?

சீகைமரம் | ஏப்ரல் 12, இரவு 8.12

இல்லை. ஆசாரி வந்து பார்த்துவிட்டு, சுவர் சரியாக இருக்கிறது, பலகைதான் ஊறி உப்பிவிட்டது, ஒரு பக்கம் இழைக்க வேண்டும் என்றார். அம்மா இன்னும் நாடாவால்தான் கட்டுகிறார்.